கொல்லையில் அம்மாவுக்கு ஒரு வாசல்

“என்னைக் கொல்லையில கொண்டுபோய் வைக்கப் போறியாடா?”

வீட்டுக்குப் பின்னால் ஒரு கிரானி ஃபிளாட், அதாவது அம்மாவுக்கென்று ஒரு சின்னத் தனி வீடு, கட்டலாமென்று இருக்கிறேன் என்று நான் சொன்னதும் அம்மா கேட்டது இதைத்தான். கோபமாகக் கேட்கவில்லை. கீரை ஆய்ந்துகொண்டே, தலையை நிமிர்த்தாமல் கேட்டார். அதுதான் உறைத்தது.

அவர் கேட்டதில் தப்பும் இல்லை. கும்பகோணத்தில் அம்மா வாழ்க்கைப்பட்டு வந்த வீட்டில் வாசல் திண்ணையில் மனிதர்கள் உட்காருவார்கள். அப்புறம் நடை, கூடம், முற்றம், அடுக்களை. எல்லாவற்றையும் தாண்டினால் கொல்லை. அங்கே கிணறு, மாட்டுக்கொட்டில், துவைக்கிற கல், கோடியில் கக்கூஸ். விருந்தாளியை யாரும் கொல்லைப்பக்கம் அழைத்துப் போக மாட்டார்கள். சிட்னியில் பேக்யார்டு என்றால் பார்பெக்யூ அடுப்பும் டிராம்பொலினும் வைத்து ஊரையே கூப்பிட்டுக் காட்டுகிற இடம். வந்து நான்கு வருடமாகிவிட்டதால் அம்மாவுக்கும் அது தெரியும். ஆனாலும் கொல்லை கொல்லைதான்.

கட்டி முடித்துக் குடிபுகுந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. கோயிலில் பார்க்கிறவர்கள், பிறந்தநாள் விருந்துகளில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: “எவ்வளவு ஆச்சு?” சொன்னால், “அவ்வளவா!” என்கிறார்கள். அத்தோடு பேச்சு வேறு பக்கம் போய்விடுகிறது. அந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டு யாரும் எதையும் முடிவு செய்ய முடியாது என்பதால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எங்கள் வீடு சிட்னியின் மேற்கே, டூங்காபி பக்கம். மூன்று படுக்கையறை, ஒரே குளியலறை, 620 சதுர மீட்டர் நிலம். பின்னால் ஃபைப்ரோ தகடு வேய்ந்த பழைய கராஜ், நடுவில் ஹில்ஸ் ஹாய்ஸ்ட் என்கிற, துணி காயப்போடும் சுழல் கம்பம், வேலியோரம் அம்மாவின் கறிவேப்பிலை. உள்ளே நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா. அம்மா 2018இல் பெற்றோர் விசாவில் வந்தவர். அந்த விசாவுக்குக் கட்டிய பணமே நாற்பதாயிரம் டாலருக்கு மேல். அந்தக் கதை தனி.

அம்மா காலை நாலரைக்கு எழுந்துவிடுவார். மகள் இரவு ஒரு மணிவரை படிப்பாள். இருவரும் ஒரே அறை. மனைவிக்கும் அம்மாவுக்கும் சண்டை என்று எதுவும் கிடையாது. சண்டை இருந்திருந்தால் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். ஃபிரிட்ஜில் தோசை மாவுப் பாத்திரம் எந்தத் தட்டில் இருக்க வேண்டும் என்பதில் இருவருக்கும் வேறு வேறு அபிப்பிராயம். ஒருவர் மாற்றி வைப்பார், இன்னொருவர் சத்தமில்லாமல் திருப்பி வைப்பார். கொரோனா ஊரடங்கில் ஐந்து பேரும் நாள் முழுக்க வீட்டிலேயே இருந்தபோது அந்த மாவுப் பாத்திரம் ஒரு நாளைக்கு எத்தனை முறை இடம் மாறியது என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

பெரிய வீடு வாங்கிப் போகலாமா என்றுதான் முதலில் பார்த்தோம். இன்னொரு அறையும் இன்னொரு குளியலறையும் உள்ள வீடு அதே வட்டாரத்தில் பதினைந்து லட்சம் டாலர் சொன்னார்கள். அந்த விலைக்கு நியூ சவுத் வேல்ஸ் அரசுக்குக் கட்ட வேண்டிய முத்திரைத் தீர்வை மட்டும் அறுபதாயிரத்துக்கு மேல். ஒரு செங்கல் வைக்காத செலவு அது. கிரானி ஃபிளாட் பக்கம் எங்களைத் தள்ளியது பாசமெல்லாம் இல்லை, இந்தக் கணக்குதான்.

சட்டம் இங்கே பெரிய தடை இல்லை. நியூ சவுத் வேல்ஸில் 2009 முதல், கவுன்சில் என்கிற உள்ளாட்சி அலுவலகத்தில் மாதக்கணக்கில் காத்திராமல், சர்ட்டிஃபையர் என்கிற, கட்டடங்களுக்குச் சான்றளிக்கும் தனியாரிடமே அனுமதி வாங்கிக் கட்ட வழி இருக்கிறது. நிலம் குறைந்தது 450 சதுர மீட்டர் இருக்க வேண்டும். கட்டுவது 60 சதுர மீட்டரைத் தாண்டக் கூடாது. எங்கள் அளவு நிலத்துக்குப் பின்வேலியிலிருந்து 3 மீட்டர், பக்கவேலியிலிருந்து 0.9 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். தனியாகக் கார் நிறுத்த இடம் காட்டத் தேவையில்லை. வாடகைக்கும் விடலாம், குடியிருப்பவர் உறவினராக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் அதைப் பிரித்துத் தனியாக விற்க முடியாது. இது ரொம்ப முக்கியம், பின்னால் வருகிறேன்.

மற்ற இடங்களும் மெல்ல இந்த வழிக்கு வந்துகொண்டிருக்கின்றன. குயின்ஸ்லாந்து 2022இல்தான் குடும்பத்தார் அல்லாதவருக்கும் வாடகைக்கு விட அனுமதித்தது. விக்டோரியாவில் 2023 டிசம்பரிலிருந்து, பெரும்பாலான இடங்களில் 300 சதுர மீட்டர் நிலம் இருந்தாலே 60 சதுர மீட்டருக்குத் திட்ட அனுமதி தேவையில்லை. கட்டட அனுமதி மட்டும் போதும். நியூசிலாந்து இன்னும் ஒரு படி போய், 2026 ஜனவரி முதல் சில நிபந்தனைகளோடு 70 சதுர மீட்டர் வரை கட்டட அனுமதியே வேண்டாம் என்று சொல்லிவிட்டது. வீட்டுத் தட்டுப்பாடு முற்றினால் அரசாங்கங்களுக்கும் கொல்லைப்புறம் கண்ணில் படுகிறது.

சரி, பணத்துக்கு வருவோம்.

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருந்தது 1,42,000 டாலர். இரண்டு படுக்கையறை, 60 சதுர மீட்டர், ‘எல்லாம் அடக்கம்’. ஊரில் கல்யாண மண்டபக்காரர்கள் ‘எல்லாம் அடக்கம்’ என்று சொல்லி, அப்புறம் தண்ணீர் பாட்டிலுக்குத் தனியாக பில் போடுவார்களே, அதே அடக்கம்தான். அந்த விலை, மேடு பள்ளம் இல்லாத, நல்ல மண் உள்ள, கீழே குழாய் எதுவும் ஓடாத, மேலே பழைய கராஜ் நிற்காத ஒரு கற்பனை நிலத்துக்கானது. அப்படி ஒரு நிலம் டூங்காபியில் யாரிடம் இருக்கிறதோ தெரியாது. என்னிடம் இல்லை.

முதலில் கராஜ். ஃபைப்ரோ என்றால் அதற்குள் ஆஸ்பெஸ்டாஸ். ஆஸ்திரேலியா 2003 கடைசியில் அதை முழுவதுமாகத் தடை செய்துவிட்டாலும், அதற்கு முந்தைய வீடுகளில் இன்னும் நிறைய இருக்கிறது. 10 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால் உரிமம் பெற்றவர்தான் அகற்றலாம். வெள்ளை உடுப்பும் முகமூடியும் மாட்டிக்கொண்டு மூன்று பேர் வந்தார்கள். தகடுகளை நனைத்து, பிளாஸ்டிக்கில் சுற்றி, பிணம் எடுத்துப் போவதுபோல எடுத்துப் போனார்கள். 6,800.

அடுத்தது சாக்கடைக் குழாய். இந்தப் பக்கத்துப் பழைய குடியிருப்புகளில் பொதுச் சாக்கடைக் குழாய் பல இடங்களில் தெருவில் ஓடாது, வீடுகளின் பின்வேலியை ஒட்டித்தான் ஓடும். எங்களுடையது ஃபிளாட்டின் ஒரு மூலைக்கு நேர் கீழே ஓடியது. குழாய்க்கு மேலேயோ மிக அருகிலோ கட்டுவதென்றால், தண்ணீரும் சாக்கடையும் பார்த்துக்கொள்கிற சிட்னி வாட்டரின் ஒப்புதல் வேண்டும். குழாய் எங்கே, எவ்வளவு ஆழத்தில் என்று அளந்து, உள்ளே கேமரா விட்டுப் பார்த்து, பிறகு குழாயைச் சுற்றி கான்கிரீட் உறை போட்டார்கள். 11,400 டாலர் மண்ணுக்குள் போனது. யாரும் பார்க்கப்போவதில்லை, வீட்டின் மதிப்பில் ஒரு டாலர் கூடப்போவதும் இல்லை. குழாய் ஓடும் வரைபடத்தை ஆரம்பத்திலேயே வாங்கிப் பார்த்திருந்தால் ஃபிளாட்டை ஒன்றரை மீட்டர் தள்ளி வரைந்திருக்கலாம். அந்த வரைபடத்தின் விலை ஒரு வேளை ஓட்டல் சாப்பாட்டுக்கு ஆகிற காசுதான். நான் பார்க்கவில்லை. விற்பனைக்கு வந்தவர் சொல்லவும் இல்லை.

மண் அடுத்த சோதனை. மேற்குச் சிட்னியின் களிமண் மழையில் வீங்கும், வெயிலில் சுருங்கும். எவ்வளவு வீங்கிச் சுருங்கும் என்பதை வைத்து மண்ணுக்குத் தரம் பிரித்திருக்கிறார்கள். எங்களுக்கு வந்தது ‘எச்-1’, அதாவது நிறையவே ஆடுகிற மண். ஸ்லாப் என்கிற கான்கிரீட் தளத்துக்குக் கீழே துளையிட்டு கான்கிரீட் தூண்கள் இறக்க வேண்டியிருந்தது: 8,200. கூரையில் விழும் மழைத்தண்ணீர் தெருவுக்குத் தானாக ஓட வேண்டும். எங்கள் நிலமோ பின்பக்கம் லேசாகச் சரிந்தது. மட்டத்தை உயர்த்திப் பக்கவாட்டில் குழாய் போட்டு வெளியே கொண்டுவர 7,900. பழைய மின்பலகையை மாற்றி, பின்னால்வரை குழி தோண்டி கேபிள் இழுக்க 4,600. சர்வேயர், பொறியாளர், தண்ணீர், மின்சாரச் சிக்கனத்துக்கான பேசிக்ஸ் சான்றிதழ், சர்ட்டிஃபையர் எல்லோருக்குமாக 7,500. ஏ.சி., திரைகள், நடைபாதை, வேலி, கொஞ்சம் நல்ல டைல்ஸ் என்று 14,000. இவை போக அம்மா கேட்ட மாற்றங்களுக்கு 3,600. கூட்டிப் பார்த்தால் ‘எல்லாம் அடக்கத்துக்கு’ வெளியே 64,000. மொத்தம் 2,06,000 டாலர்.

பில்டர் ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன். ஒப்பந்தத்தில் எல்லாம் இருந்தது, சின்ன எழுத்தில், ‘தோராயத் தொகை’ என்ற தலைப்பில். நான்தான் பெரிய எழுத்தை மட்டும் படித்தேன். ஒன்றே ஒன்று சரியாகச் செய்தேன். இந்த மாநிலத்தில் முன்பணம் 10 சதவீதத்துக்கு மேல் கேட்கக் கூடாது. 20,000 டாலருக்கு மேற்பட்ட வேலை என்றால், பில்டர் பாதியில் காணாமல் போனாலோ திவாலானாலோ நம்மைக் காக்கிற காப்பீட்டுச் சான்றை, பணம் வாங்குவதற்கு முன்பே தர வேண்டும். அந்தச் சான்றைக் கையில் வாங்கிய பிறகுதான் முதல் டாலரைக் கொடுத்தேன். 2022இல் மரம், இரும்பு விலையெல்லாம் ஏறிக்கொண்டிருந்த நேரம் அது. மழையும் விடாமல் அடித்தது. ஸ்லாப்புக்குத் தோண்டிய குழிகள் இரண்டு மாதம் குளமாகக் கிடந்தன. பக்கத்து வீட்டு வாத்துகூட வந்து நீந்திவிட்டுப் போனது.

இந்தச் செலவில் 70,000 அம்மாவுடையது. அதைச் சொல்லாமல் போனால் கணக்கு பொய்யாகிவிடும்.

கும்பகோணம் பைபாஸ் பக்கம் அப்பா வாங்கிப் போட்டிருந்த மனையை விற்றுத் தருகிறேன் என்று அம்மாதான் ஆரம்பித்தார். “சும்மா வந்து உன் கொல்லையில இருக்க மாட்டேன். என் காசுல கட்டினா அது என் வீடு” என்றார். நான் வேண்டாம் என்றேன். அவர் என் தம்பிக்கு போன் போட்டு, நான் வேண்டாம் என்று சொன்னதையும் சேர்த்துச் சொல்லி, அவனையே மனையை விற்க வைத்தார். அந்தப் பணம் இங்கே வந்து சேர 15சிஏ, 15சிபி என்று படிவங்களோடு ஒரு ஆடிட்டர் இரண்டு வாரம் அலைந்தார். தம்பி ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. ஆனால் தம்பி மனைவி, “அப்போ அந்த வீடு யார் பேர்ல இருக்கும்?” என்று ஒருமுறை கேட்டதாகக் காதுக்கு வந்தது. கேட்க வேண்டிய கேள்விதான். நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன். நிலம் என் பெயரிலும் மனைவி பெயரிலும் இருக்கிறது. அதன்மேல் எது கட்டினாலும் அது எங்களுடையது. அம்மா போட்ட பணம் பத்திரத்தில் எங்கேயும் தெரியாது.

அதனால் வக்கீலிடம் போனோம். இந்த நாட்டுச் சட்டத்தில் இதற்கென்றே ஓர் இடம் இருக்கிறது என்பது எனக்கு அங்கேதான் தெரிந்தது. ஓய்வூதிய வயதை எட்டிய பெற்றோர் பணமோ சொத்தோ கொடுத்து, அதற்குப் பதிலாக ஆயுள் முழுக்கக் குடியிருக்கும் உரிமை பெறுவதை ‘கிரானி ஃபிளாட் உரிமை’ என்றே சொல்கிறார்கள். முன்பு இப்படி எழுதி வைத்தால், உரிமை கொடுத்த பிள்ளைமேல் மூலதன ஆதாய வரி விழக்கூடும். அதற்குப் பயந்தே பல குடும்பங்கள் எதையும் எழுதாமல் விட்டுவிட்டன. 2021 ஜூலை 1 முதல், எழுத்து மூலமாக, வியாபார நோக்கம் இல்லாமல் செய்தால் அந்த வரி கிடையாது. அம்மாவுக்கு இன்னும் இங்கே ஓய்வூதியத் தகுதி வரவில்லை, அதற்குப் பத்து வருடம் வசித்திருக்க வேண்டும். ஆனால் நாளைக்கு விண்ணப்பிக்கும்போது, ஐந்து வருடத்துக்குள் 30,000 டாலருக்கு மேல் பிள்ளைக்குத் தூக்கிக் கொடுத்திருந்தால் அதை அவர் கையில் இருக்கிற பணமாகவே கணக்கு வைப்பார்கள். குடியிருக்கும் உரிமைக்காகக் கொடுத்தது என்றால் அதற்குத் தனி விதி. ஆகவே எழுதித்தான் ஆக வேண்டும்.

எழுத உட்கார்ந்தபோதுதான் வயிற்றைப் பிசைந்தது. வீட்டை விற்றால் அம்மா எங்கே போவார்? அம்மா முதியோர் இல்லத்துக்குப் போக வேண்டி வந்தால் எவ்வளவு திருப்பித் தருவீர்கள்? நீங்களும் உங்கள் மனைவியும் பிரிந்தால்? நீங்கள் உங்கள் தாயாருக்கு முன்னால் இறந்தால்? வானிலை விசாரிக்கிற மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டார் அந்த வக்கீல். நம் வீடுகளில் இந்த வாக்கியங்களை வாயைத் திறந்து சொன்னாலே, வாயைக் கழுவு என்பார்கள். மனைவி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா மட்டும் நிதானமாக ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். அப்பா போன பிறகு பங்காளிகளோடு நான்கு வருடம் நிலவழக்கு நடத்தியவர் அவர்.

அம்மாவுக்கென்று தனி வக்கீல் வேண்டும் என்றார்கள். அது ஒரு பெண்மணி. தொலைபேசியில் ஒரு மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு, என்னை வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்தினார். இருபது நிமிடம். காரில் திரும்பும்போது என்னம்மா கேட்டாங்க என்றேன்.

“உன் பையன் உன்னை அடிக்கிறானான்னு கேட்டா” என்றார் அம்மா. “நல்ல பொண்ணு.”

இந்த வக்கீல் செலவு மேலே சொன்ன கணக்கில் வரவில்லை. இரண்டு பக்கமும் சேர்த்து 4,000 கிட்ட ஆனது. கையெழுத்தான நகலைத் தம்பிக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். ஒரு கட்டைவிரல் மட்டும் பதிலாக வந்தது. அதற்குப் பிறகு அவன் மனைவி எந்தக் கேள்வியும் கேட்டதாகக் காதுக்கு வரவில்லை. என்னைக் கேட்டால் 4,000 சல்லிசு.

மிச்சம் 1,36,000 டாலர் வீட்டுக் கடனோடு சேர்ந்தது. கையெழுத்துப் போட்டபோது வட்டி 2.6 சதவீதம், வாரத்துக்கு 68 டாலர்தான் என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். 2022 மே மாதம் ஆஸ்திரேலிய ரிசர்வ் வங்கி வட்டியை ஏற்ற ஆரம்பித்தது. 0.10இல் இருந்த அடிப்படை வட்டி அடுத்த வருடம் நவம்பரில் 4.35இல் போய் நின்றது. வங்கியோடு பேரம் பேசிக் குறைத்த பிறகும் எனக்கு 6.2. அந்த 68 டாலர் 162 ஆகிவிட்டது. கணக்குப் போடுகிறவர்கள் வட்டியை இரண்டு மடங்காக வைத்தும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். தூக்கம் வந்தால் கட்டுங்கள்.

வீடு முடிந்ததும் கடனை வேறு வங்கிக்கு மாற்றினேன், அதற்காக மதிப்பீட்டாளர் ஒருவர் வந்தார். முன் வீட்டைப் பார்த்தார், பின் வீட்டைப் பார்த்தார், பதினைந்து நிமிடத்தில் போய்விட்டார். கிரானி ஃபிளாட்டுக்காக அவர் கூட்டியது 1,25,000. போட்டது 2,06,000. ஆக, காகிதத்தில் 81,000 டாலரைக் காணோம். கோபமாக வந்தது. யோசித்தால் அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. தனியாக விற்க முடியாத வீடு அது. வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் பின்னால் புல்வெளிதான் எதிர்பார்ப்பார்கள். அவர்களுக்கு இது குறை. மீதிப் பேருக்குத்தான் வரம். சாக்கடைக் குழாயின் கான்கிரீட் உறைக்கு எவரும் பணம் தர மாட்டார்கள் என்று முன்பே சொன்னேன். கட்டினால் வீட்டு விலை ‘தானாக’ ஏறிவிடும் என்று விற்பனைக்காரர்கள் சொல்வதை நம்பிக் கட்டாதீர்கள். எனக்கு ஏறவில்லை.

வாடகைக் கணக்கு வேறு கதை. எங்கள் தெருவிலேயே இதே அளவு ஃபிளாட் வாரம் 520 டாலருக்குப் போகிறது. வருடத்துக்கு 27,040. போட்ட பணத்தில் 13 சதவீதம். சிட்னியில் முழு வீடு வாங்கி வாடகைக்கு விடுகிறவருக்குச் செலவு கழிப்பதற்கு முன்பே 3 சதவீதத்தைச் சுற்றித்தான் வரும். முதலீட்டுக்காக வீடு வாங்குகிறவர்கள் ஏன் பின்பக்கத்தை முதலில் எட்டிப் பார்க்கிறார்கள் என்பது இதிலிருந்து புரியும். ஆனால் அந்த 13இல் ஏஜென்ட் கமிஷன், காப்பீடு, காலியாகக் கிடக்கும் வாரங்கள், வருமான வரி எல்லாம் போகும். வாடகைக்கு விட்டால், சொந்த வீட்டை விற்கும்போது கிடைக்கும் மூலதன ஆதாய வரி விலக்கிலும் ஒரு பகுதி போய்விடும். பத்துப் பதினைந்து வருடம் கழித்து விற்கும்போதுதான் அது வலிக்கும். அம்மா குடியிருப்பதால் எனக்கு 27,040-உம் இல்லை, அந்த வரியும் இல்லை. நண்பன் ஒருவன் இதை “வருஷத்துக்கு 27,000 நஷ்டம்” என்று சொன்னான். கணக்காளன். அவனோடு நான் இப்போது சினிமா மட்டும்தான் பேசுகிறேன்.

குடிபுகுந்த முதல் மாதம் அம்மா தூங்கவில்லை.

இதை நாங்கள் யாருமே எதிர்பார்க்கவில்லை. இரவு பத்து மணிவரை முன்வீட்டிலேயே உட்கார்ந்திருப்பார். டிவியை அணைத்துவிட்டாலும் எழுந்திருக்க மாட்டார். நான் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தால், அங்கே விளக்கு இரண்டு மணிவரை எரியும். மனைவிதான் கண்டுபிடித்துச் சொன்னாள்: “அத்தை இதுவரைக்கும் ஒரு வீட்ல தனியாப் படுத்ததே இல்லைங்க.” உண்மைதான். பிறந்தது எட்டுப் பிள்ளைகள் உள்ள வீட்டில். கட்டிக்கொண்டு போனது கூட்டுக் குடும்பம். அப்பா இறந்த பிறகு தம்பி வீடு, அப்புறம் என் வீடு. எழுபத்தொரு வயதில் முதன்முறையாக ஒரு கூரைக்குக் கீழே தனியாள். அந்த மாதத்தில் நான் செலவை நினைக்கவில்லை. பெரிய தப்புப் பண்ணிவிட்டேனோ என்றுதான் நினைத்தேன். மகளைப் பாட்டிக்குத் துணையாகப் படுக்க அனுப்பினோம். அவளுக்குக் கிடைத்த தனி அறை நான்கு வாரம் காலியாகவே கிடந்தது.

மூன்றாவது மாதம் ஒருநாள் இரவு ஒன்பது மணிக்கு மாத்திரை கொடுக்கப் போய்க் கதவைத் தட்டினேன். உள்ளேயிருந்து குரல் வந்தது: “நான் போட்டாச்சு. படுத்தாச்சு. காலைல வா.” கதவு திறக்கவில்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த மூடிய கதவின் முன்னாலும் நின்றதில்லை.

இப்போது பக்கவாட்டு கேட் வழியாக அம்மாவுக்கென்று விருந்தாளிகள் வருகிறார்கள். கோயிலில் பழக்கமான இரண்டு மாமிகள், தெருமுனை குஜராத்திப் பாட்டி ஒருவர். எங்கள் வாசலில் காலடி படுவதே இல்லை. குஜராத்திப் பாட்டிக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்குக் குஜராத்தி தெரியாது, இரண்டு மணிநேரம் பேசுகிறார்கள். மாவுப் பாத்திரம் எங்கள் ஃபிரிட்ஜில் இடம் மாறுவதில்லை. அம்மாவுக்கு அங்கே தனி ஃபிரிட்ஜ், தனி மாவு. மனைவி கிண்ணத்தில் குழம்பு கொடுத்தனுப்பினால், கிண்ணம் காலியாகத் திரும்பாது. ஒரு கரண்டி சர்க்கரையாவது, நாலு கறிவேப்பிலை இணுக்காவது இருக்கும். ஒரே வீட்டில் இருந்த நான்கு வருடத்தில் இருவரும் ஒருவருக்கொருவர் எதையும் கொடுத்து வாங்கி நான் பார்த்ததில்லை. பின்வாசலுக்கும் அவர் வாசலுக்கும் நடுவே பதினொரு மீட்டர். நான் டேப் வைத்து அளந்திருக்கிறேன்.

அம்மா கேட்ட மாற்றங்கள் என்றேனே, அதில் ஒன்று சமையலறை ஜன்னல். வரைபடத்தில் அது பின்வேலியைப் பார்த்து இருந்தது. அதை எங்கள் வீட்டுப் பக்கம் திருப்பச் சொன்னார். சட்டகம் ஏற்கெனவே வந்துவிட்டது, மாற்றினால் 1,350 டாலர் என்றார் பில்டர். நான் தயங்கினேன். “வேலியையா பாத்துண்டு நான் சமைக்கறது?” என்றார். மாற்றினோம். காலை நாலரைக்கு அந்த ஜன்னலில் விளக்கு எரியும். ஐந்தேகாலுக்கு நான் வேலைக்குக் கிளம்பும்போது எங்கள் சமையலறை விளக்கைப் போடுவேன். அவ்வளவுதான். கையசைப்பதெல்லாம் கிடையாது.

இழந்ததும் உண்டு. பையன் கிரிக்கெட் ஆடிய புல்வெளி போய்விட்டது. ஹில்ஸ் ஹாய்ஸ்ட் போனதில் அம்மாவுக்கே வருத்தம். நாலு புடவையை ஒரே நேரத்தில் விரித்துக் காயப்போட்டு, காற்றில் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். இப்போது சுவரோரம் மடக்குக் கம்பி. கறிவேப்பிலையைப் பெயர்த்துத் தொட்டியில் வைத்தோம், ஒரு குளிர்காலம் இலையெல்லாம் உதிர்த்து பயமுறுத்திவிட்டு மறுபடி துளிர்த்தது.

போன மாதம் நண்பர் ஒருவர் மனைவியோடு வந்தார். அவர்களும் கட்டப்போகிறார்களாம், அவருடைய மாமனார் மாமியாருக்கு. கையில் டேப், நோட்டுப் புத்தகம். நான் கணக்கையெல்லாம் எடுத்து வைத்துக் காத்திருந்தேன். அம்மா என்னை ஒதுக்கிவிட்டு அவரே அழைத்துக்கொண்டு போனார்.

“இந்த வாசப்படி பாருங்க, ஒண்ணுதான், ஆனா காலைத் தூக்கணும். படியே இல்லாம சாய்வாப் போடச் சொல்லுங்க. என் பையனுக்கு அப்போ தோணலை. ஸ்விட்ச் பிளக்கெல்லாம் தரையோட வெச்சிருக்கான், குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு போச்சு. குளியலறைக் கதவு உள்பக்கம் திறக்கவே கூடாது, உள்ள விழுந்தா யார் வந்து திறக்கறது? இது மட்டும் நான் சொல்லி மாத்தினேன், பாருங்க, தள்ளுற கதவு. வெந்நீர் மெஷினை என் தலைமாட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் வெச்சிருக்கான், ராத்திரி பூரா உறுமறது. நீங்க சமையல் பக்கம் வைங்கோ. இந்தப் பாதைக்கு மேல ஒரு தகரமாவது போடுன்னு மூணு வருஷமாச் சொல்றேன், மழை பெஞ்சா குடையோடதான் பேரனைப் பாக்கப் போகணும்.”

நண்பர் எழுதிக்கொண்டே வந்தார். அவர் மனைவி, “உங்களுக்கு இங்க பயமா இல்லையாம்மா, பின்னால தனியா?” என்று கேட்டார்.

“பின்னால எங்க இருக்கேன்?” என்றார் அம்மா. “என் வாசல் இந்தப் பக்கம். அவங்கதான் எனக்குக் கொல்லைல இருக்காங்க.”